அந்த 27 கற்களைத் தொடாதீர்கள்

இந்தியத் தொல்லியல் துறைக்கும், தமிழ்நாடு சுற்றுலாத் துறைக்கும், தஞ்சைப் பெரிய கோயிலை ஆக்மென்டெட் ரியாலிட்டியில் காட்ட முன்வரும் தொழில்நுட்பக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் தஞ்சாவூரில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுப்பவள். 22 வருஷமாக இதுதான் பிழைப்பு. வகுப்பு நடக்கும் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் பெரிய கோயில் விமானம் தெரியும். கரணம் என்பது கையும் காலும் ஒன்றுசேர்ந்து இயங்கும் ஓர் ஆட்ட அலகு. அதைப் பிள்ளைகளுக்கு முதன்முதலில் சொல்லும்போது அந்தப் பக்கம்தான் கையை நீட்டுவேன். "அதோ, அந்த விமானத்துக்குள்ளே, கருவறைக்கு மேல்தளத்துல, சிவபெருமானே 81 கரணம் ஆடிக் காட்டுறார்." சொல்லி முடிப்பதற்குள் ஏதாவது ஒரு குழந்தை கேட்டுவிடும்: "நீங்க பாத்திருக்கீங்களா மிஸ்?"

பார்த்ததில்லை. எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் பார்த்ததில்லை. புத்தகங்களில் வந்த கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்துக்கொண்டுதான் அவர் எனக்குச் சொன்னார், அதே படங்களின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு நான் சொல்கிறேன். நாட்டியக்காரிக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை உண்டா? நடந்துபோகும் தூரத்தில் ஆயிரம் வருஷப் பாடப்புத்தகம் இருக்கிறது, அது பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

பூட்டியது தவறு என்று சொல்ல வரவில்லை. மேல்தளச் சுற்று குறுகலானது, ஏறுவது சிரமம். கீழே கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. அங்கே ஆட்களை விட்டால் மூச்சுக்காற்றின் ஈரமே சுண்ணாம்புச் சாந்தைத் தின்றுவிடும். பிரான்ஸில் லாஸ்கோ குகையைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டு, சுவரில் பாசி படர்ந்த பிறகு 1963இல் மூடினார்கள். நமக்கு அந்தப் பாடம் வேண்டாம். கதவு பூட்டியே இருக்கட்டும். ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் உள்ளதைக் காட்ட ஒரு கருவி வந்திருக்கிறது: கேமராவில் தெரியும் இடத்தின் மேலேயே வேறு படங்களைப் படியவைத்துக் காட்டும் ஆக்மென்டெட் ரியாலிட்டி. அந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

கவலை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மார்கழி மாதம், ஒரு குழுவினர் டேப்லெட்டுகளோடு கோயிலுக்கு வந்தார்கள். செயலியைச் சோதித்துப் பார்க்க வேண்டும், வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள் என்றார்கள். கூட்டிப்போனேன். வடபுறம், சண்டிகேசுவரர் சந்நிதிப் பக்கம் உட்காரவைத்து ஆளுக்கொரு கருவி கொடுத்தார்கள். திரையில் முற்றம் தெரிந்தது. முற்றத்தில் திடீரென்று யானைகள் வந்தன. ராஜராஜன் வந்தார், சினிமாவில் பார்த்த ஒரு முகச்சாயலோடு. பின்னாலேயே பத்துப் பெண்கள் ஆடிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் ஆடியது பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவான எந்த அடவிலும் சேர்த்தி இல்லை, இடுப்பை ஆட்டினார்கள், அவ்வளவுதான். கடைசியில் ஒரு கம்பீரமான குரல், "இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று அறிவித்தது.

நாங்கள் அப்போது அந்த நிழலில்தான் உட்கார்ந்திருந்தோம். மணி நாலு.

ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி திரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? அந்தக் குழுவினர் நல்ல பிள்ளைகள், உழைப்பாளிகள். எங்கோ படித்ததை, யாரோ சொன்னதை வைத்துச் செய்திருந்தார்கள். ஆனால் வழிகாட்டி ஒருவர் வாய்மொழியாகச் சொல்லும் கட்டுக்கதை அன்றைக்கே காற்றோடு போய்விடும். திரையில், கோயில் கல்லின் மேலேயே படிந்து நின்று சொல்லும் கட்டுக்கதைக்குக் கல்வெட்டின் பலம் வந்துவிடுகிறது.

ஆக்மென்டெட் ரியாலிட்டிக்குத் தமிழில் 'மிகை மெய்ம்மை' என்று எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் அன்றைக்கு நான் கண்டதில் மிகை மட்டும்தான் இருந்தது.

பெரிய கோயிலுக்கு மிகை தேவையே இல்லை. அங்கே உண்மையாக இருப்பதில் பாதிகூட மக்கள் கண்ணில் படுவதில்லை. அதைக் காட்டினாலே போதும்.

ஓவியங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்சுற்றுச் சுவர்களில் மேலே தெரிந்தவை நாயக்கர் கால ஓவியங்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி, உதிர்ந்துபோயிருந்த அந்தச் சாந்துக்கு அடியில் இன்னொரு ஓவிய அடுக்கு இருப்பதைக் கண்டார். சோழர் அடுக்கு. பிற்பாடு தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் மேலடுக்கைச் சிதைக்காமல் உரித்தெடுத்துத் தனியாகப் பொருத்திப் பாதுகாத்தார்கள், அடியில் இருந்ததும் வெளியே வந்தது. உலகத்தில் எத்தனை இடத்தில் இப்படி ஒரு வேலை நடந்திருக்கும்! அதைச் செய்தவர்கள் உங்கள் துறைக்காரர்கள். ஆனால் கோயிலுக்கு வரும் ஆயிரம் பேரில் ஒருவருக்காவது இது தெரியுமா?

ஆக்மென்டெட் ரியாலிட்டி இதற்காகவே பிறந்தது போல் இருக்கிறது. விமானத்தின் மேற்குப் புறத்தில் வெளியே நின்று, அந்தச் சுவரை நோக்கி டேப்லெட்டைப் பிடிக்கிறேன். கல் மெல்ல விலகுவது போல் விலகி, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ அது, இருக்கும் இடத்திலேயே, இருக்கும் அளவிலேயே தெரிகிறது. வெள்ளை யானை மேல் சுந்தரர் போகிறார், குதிரை மேல் சேரமான் பெருமாள் போகிறார், கயிலாயம் நோக்கி. தில்லைக் கூத்தனை ராஜபரிவாரம் வணங்கி நிற்கிறது. வடபுறம் வந்தால் தேர் மேல் வில்லோடு திரிபுராந்தகர். தென்புறம் தட்சிணாமூர்த்தி. ஒரு விரலை இப்படி நகர்த்தினால் நாயக்கர் அடுக்கு, அப்படி நகர்த்தினால் சோழர் அடுக்கு. சாந்து உதிர்ந்து வெறுமையான இடம் வெறுமையாகவே தெரிய வேண்டும். அங்கே கணினியை விட்டு இட்டு நிரப்பச் சொல்லாதீர்கள். உதிர்ந்துபோனதும் அந்த ஓவியத்தின் சரித்திரத்தில் ஒரு பகுதிதான்.

சுந்தரர் ஓவியத்துக்கு முன் நிற்கும்போது கேட்க ஒரு குரல் வேண்டும் என்றால் நொடித்தான்மலைப் பதிகத்தை ஓர் ஓதுவாரைப் பாடவைத்துப் பதிவு செய்யுங்கள். கயிலைக்குப் போகிற வழியில் சுந்தரர் பாடியதாகச் சொல்லப்படும் பதிகம் அது, படத்துக்கும் பாட்டுக்கும் ஒரே வழி. இந்தக் கோயிலில் திருப்பதியம், அதாவது தேவாரப் பாடல்கள், பாட 48 பேரையும், உடுக்கையும் கொட்டி மத்தளமும் வாசிக்க ஆளுக்கொருவராக 2 பேரையும் ராஜராஜன் அமர்த்தியதாகக் கல்வெட்டே சொல்கிறது. தயவுசெய்து அந்த இடத்தில் சின்தசைசர் வேண்டாம்.

இப்போது என் சொந்த விஷயத்துக்கு வருகிறேன். கரணங்கள்.

நாட்டிய சாஸ்திரம் 108 கரணங்களைச் சொல்கிறது. தலபுஷ்பபுடத்தில் தொடங்கி கங்காவதரணத்தில் முடியும் வரிசை. பெரிய கோயிலில் அந்த வரிசைப்படியே செதுக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான்கு கைகளோடு சிவனே ஆடுகிறார். 81 வரை வந்தாயிற்று. அதற்குப் பிறகு 27 கற்கள் செதுக்கப்படாமல் நிற்கின்றன. கல் பொருத்தியாயிற்று, இடம் ஒதுக்கியாயிற்று, உளி மட்டும் படவில்லை. ஏன் நின்றது என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

எனக்குத் தெரியும், இந்த வேலையை எடுத்துச் செய்யும் எந்தக் குழுவுக்கும் முதலில் தோன்றுவது அந்த 27ஐயும் முடித்துக் காட்டுவதுதான். சிதம்பரத்துக் கோபுரத்தில் கரணங்கள் சுலோகங்களோடு இருக்கின்றன, அதைப் பார்த்து மாதிரி செய்துவிடலாம், "ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு நிறைவுபெற்ற கரணங்கள்" என்று விளம்பரமும் போட்டுவிடலாம். செய்யாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். சிதம்பரத்தில் ஆடுபவள் பெண், தஞ்சையில் ஆடுபவர் சிவன். அது வேறு காலம், வேறு சிற்பிகளின் கை. ஒன்றை எடுத்து இன்னொன்றில் ஒட்டினால் இரண்டுமே பொய்யாகும். என் பிள்ளைகளுக்கு 81 கரணங்களைக் காட்டுவதைவிட அந்த வெற்றுக் கற்களைக் காட்டத்தான் எனக்கு ஆசை அதிகம். எண்பத்தொன்றாவது சிற்பத்தை முடித்துவிட்டு உளியைக் கீழே வைத்த ஒருவர் இருந்திருக்கிறார் அல்லவா? அவர் நின்ற இடம் அது.

கரணத்தில் இன்னொரு சிக்கல். கல்லில் நமக்குக் கிடைப்பது ஒரு கணம். ஆனால் கையும் காலும் ஒன்றுசேர்ந்து இயங்குவதுதான் கரணம், அது நிற்கும் நிலை அல்ல. கரணங்களை அசைவுகளாக மீட்டெடுப்பதில் நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கிறார். அவருடைய மீட்டுருவாக்கத்தை ஏற்பவர்களும் உண்டு, வேறு விதமாக வாசிப்பவர்களும் உண்டு. இது எங்கள் உலகத்தில் முடியாத வழக்கு, எந்தக் கருத்தரங்கிலும் மதியச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கிச் சாப்பாட்டுக்குப் பின்னும் நடக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் அந்தச் சிற்பத்தைத் திரையில் அசையவிட்ட மறுகணம் அந்த வழக்கில் தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள். கால் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது, கை எந்த வேகத்தில் திரும்புகிறது என்று அனிமேஷன் செய்கிறவர் முடிவெடுத்தாக வேண்டும். அவர் முடிவைத்தான் நாளைக்கு என்னிடம் சேரும் குழந்தை "கோயில்ல அப்படித்தான் ஆடுது மிஸ்" என்று சொல்லப்போகிறது. எனவே அசைக்காமல் காட்டுங்கள். நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கும்படி, பக்கத்தில் கொண்டுவந்து பாதத்தின் திருப்பத்தைப் பார்க்கும்படி காட்டுங்கள். அசைத்தே ஆகவேண்டும் என்றால் ஆடத் தெரிந்தவரை ஆடவைத்துப் பதிவு செய்து, இது இன்னாருடைய வாசிப்பு என்று பெயர் போடுங்கள். இரண்டு பேருடைய வாசிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது. எது சரி என்று பிள்ளைகள் சண்டை போடட்டும்.

ஆடும் பெண்கள் என்றதும் அந்த இடுப்பாட்டப் பத்துப் பேர் மறுபடி கண்முன் வருகிறார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை. ஆனால் இந்தக் கோயிலில் ஆடியவர்களுக்குப் பெயர் இருந்தது, முகவரியும் இருந்தது. நாட்டுக் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிக்கான ஆடல் பெண்களை, ராஜராஜன் இங்கே கொண்டுவந்து குடியேற்றினான். திருவாரூரிலிருந்து, திருவையாற்றிலிருந்து, பழையாறையிலிருந்து என்று ஊர் ஊராக வந்தவர்கள். ஒவ்வொருத்திக்கும் 'நக்கன்' என்று தொடங்கும் பெயர், முன்பு எந்தத் தளியில் (கோயிலில்) இருந்தாள் என்ற குறிப்பு, எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது, பங்குக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல். எல்லாம் கல்லில் இருக்கிறது. இப்படி 400 பெண்களின் வேலைப் பதிவேடு கையில் இருக்கும்போது பெயரில்லாத பத்துப் பேரை எதற்கு உருவாக்க வேண்டும்?

"நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொன்ன அரசன் அவன். சொன்னபடி வெட்டினார்கள். ஆனால் அதைத் தடவிப் பார்த்துச் செல்ஃபி எடுத்துக்கொண்டு போகும் நம்மில் யாருக்கு வாசிக்கத் தெரியும்? எனக்குத் தெரியாது. பதினொன்றாம் நூற்றாண்டுத் தமிழெழுத்து, இடையிடையே கிரந்தம். நம் தாய்மொழி நம் கண்ணெதிரே கிடக்கிறது, நமக்குப் புரியவில்லை. கருவியை அந்த அதிட்டானத்தின், விமானத்தின் அடித்தளத்தின், மேல் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தின் மேலும் இன்றைய எழுத்து மெல்லப் படிய வேண்டும். அது ஒன்று போதும், குழந்தைகள் மணிக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். இதற்குப் புதிய ஆராய்ச்சிகூட வேண்டாம். கல்வெட்டு ஆய்வாளர் ஹுல்ட்ஷ் காலத்திலேயே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக அச்சேறத் தொடங்கிய பாடங்கள் அவை. உங்கள் துறை அலமாரியிலேயே இருக்கும்.

அதே கல்வெட்டுகளில் ராஜராஜனும் குந்தவையும் தேவியரும் கொடுத்த செப்புத் திருமேனிகளின் பட்டியல் இருக்கிறது. 60க்கும் மேல். ஒவ்வொன்றும் பாதாதி கேசாந்தம், பாதம் முதல் தலைமுடி வரை, எத்தனை விரல் உயரம், எத்தனை கை, பீடம் எவ்வளவு என்று அளவோடு. பொன்னை ஆடவல்லான் என்ற பெயருள்ள எடைக்கல்லால் நிறுத்து எழுதியிருக்கிறார்கள். ஆடவல்லாரை (நடராசரை) போல மிஞ்சியவை வெகு சில, பெரும்பாலானவை போன இடம் தெரியாது. இங்கேயும் எனக்கு உங்களிடம் ஒரே வேண்டுகோள்தான். தொலைந்த திருமேனிக்கு முகம் வரையாதீர்கள். கல்வெட்டு சொல்லும் உயரத்தில் ஒரு வெறும் கோட்டுருவம், பக்கத்தில் அந்த வரிகள். பார்க்கிறவர் தன் தோள் அளவா, இடுப்பு அளவா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளட்டும். ரோமில் ஆரா பாச்சிஸ் என்ற பழைய பளிங்குப் பலிபீடத்துக்கு 2016இல் ஒரு காட்சி தொடங்கினார்கள். இன்று வெள்ளையாகத் தெரியும் கல்லின் மேலேயே பழைய வண்ணம் படிந்து தெரியும். ஆராய்ச்சியாளர்கள் பலகாலம் தேடி முடிவுசெய்த வண்ணங்கள் அவை. நம்மால் அதைச் செய்ய முடியாதா என்ன?

இனி, நடைமுறைக் காரியங்கள் சில. என் பழைய மாணவி ஒருத்தி பெங்களூரில் இதே தொழிலில் இருக்கிறாள். இவையெல்லாம் அவளிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டவை, பிழை இருந்தால் என்னுடையது.

இந்தச் செயலிகள் கேமராவில் தெரியும் மூலைகளையும் விளிம்புகளையும் அடையாளம் வைத்துக்கொண்டுதான் தாம் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிக்கின்றனவாம். விமானத்திலோ தளத்துக்குத் தளம் ஒரே அமைப்பு, கருவி குழம்பிவிடும். காலை வெயிலில் பதிந்த சுவர் மாலை வெயிலில் வேறு சுவராகத் தெரியும். சித்திரை மாத நண்பகலில் கருங்கல் தரையில் கால் வைக்கவே முடியாது, திரையிலும் ஒன்றும் தெரியாது. ஆகவே முற்றத்தின் நடுவில் எதையும் வைக்காதீர்கள். முற்றத்தைச் சுற்றியுள்ள தூண் மண்டபமான திருச்சுற்று மாளிகை எதற்கு இருக்கிறது? நல்ல நிழல், நல்ல தூண்கள், அங்கிருந்து விமானம் முழுதாகத் தெரியும். கருவிகளை அங்கேயே இரவல் கொடுத்து அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். அவரவர் போனில் இறக்கிக்கொள்ளச் சொன்னால், ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது கிடைக்காது.

2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களில் கைப்பேசியைத் தடைசெய்யச் சொன்னதை மறந்துவிட வேண்டாம். அந்தக் கோபம் நியாயமான கோபம். இது பூசை நடக்கும் கோயில். பிரதோஷத்தன்று நந்தியைச் சுற்றி நிற்கும் கூட்டத்துக்குள் கண்ணாடி மாட்டிக்கொண்டு காற்றில் கைவீசுகிறவர்களை விடாதீர்கள். அன்றைக்குக் கருவிகளைப் பூட்டிவைத்தால் ஒன்றும் குறைந்துபோகாது.

இன்னொன்று. செயலிகளுக்கு ஆயுள் குறைவு. என் போனிலேயே இரண்டு வருஷத்துக்கு முன் வேலை செய்தவை இப்போது திறக்க மறுக்கின்றன. தொடக்க விழாவுக்கு வந்து நாடா வெட்டியவர்கள் போன பிறகு கியூஆர் பலகை மட்டும் துருப்பிடித்து நிற்கும். செயலி செத்தால் சாகட்டும். ஆனால் அதற்காக எடுக்கும் முப்பரிமாணப் பதிவுகள், ஓவிய அடுக்குகளின் படங்கள், கல்வெட்டுப் பாடங்கள் எல்லாம் ஒப்பந்ததாரர் கணினியில் முடங்கக் கூடாது. துறையின் பெயரில், யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் முதல் வரியாக இதை எழுதுங்கள். நாளைக்கு என் மாணவியோ அவள் மாணவியோ புதிதாக ஒன்றைச் செய்துகொள்வார்கள்.

மேல்தளத்தில் கரணங்களை என்றைக்குப் பதிவு செய்யப் போகிறீர்களோ, அன்றைக்கு நாட்டியம் தெரிந்தவர்கள் இரண்டு பேரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். நானாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எந்தக் கோணத்தில் படமெடுத்தால் குதிகால் உயர்ந்திருப்பது தெரியும், எங்கே வெளிச்சம் விழுந்தால் பின்னங்கை தெரியும் என்பதெல்லாம் காலில் சலங்கை கட்டியவருக்குத்தான் பிடிபடும். கூப்பிட்டால் வருவேன். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்தரைக்கு வகுப்பு, மற்ற நாளில் எப்போது வேண்டுமானாலும். படி குறுகல் என்பது தெரியும், புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறிவிடுவேன்.

இப்படிக்கு,
தஞ்சாவூர் நாட்டிய ஆசிரியை ஒருத்தி